கீரையும் புற்றுநோயும்

கிராமங்களுக்குச் செல்லுந்தோறும் நம்மிடம் கேட்கப்படும் வினா ஒன்றுண்டு: கீரையும் காய்கனியும் உண்டால் புற்றுநோய் தீருமா? வருமுன் காக்கும் உணவு வேறு. வந்த நோயைத் தீர்க்கும் சிகிச்சை வேறு.

கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருள் செரியாமலே பெருங்குடலை அடைகிறது. மலத்தைப் பெருக்கி விரைவில் வெளியேற்றுகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்வதால் உண்டாகும் பியூட்டிரேட் என்னும் பொருள் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகிறது. நார்ப்பொருள் மிகுந்த உணவை உண்போருக்குப் பெருங்குடற் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழம்பில் மிதக்கும் இரண்டு கத்தரித் துண்டுகள் இக்கணக்கிற்குப் போதா!

மாத்திரைகள் இதற்கு ஈடாகா. பின்லாந்தில் புகைபிடிப்போர்க்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், நுரையீரல் புற்றுநோய் மிகுந்ததென்று 1994-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. புகையிலை மெல்லும் வாய்க்குக் கீரையும் காப்பாகாது.

நோய் கண்டபின் நிலைமை யாது? அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,000-க்கு மேற்பட்ட பெண்களுள் ஒரு சாரார் வழக்கத்தினும் மிகுதியாகக் காய்கனி உண்டனர். எனினும், நோய் மீள்வது அதனாற் குறையவில்லை என்பது 2007-இல் வெளியான முடிவு. சிகிச்சையின்போது உடல் மெலியாதிருக்கப் பருப்பு, பால், முட்டை முதலியனவும் மருத்துவர் கூறியவாறு வேண்டும்.

சென்ற ஆண்டு நம் வட்டார உழவர் ஒருவர் அருகம்புற் சாறே போதுமென்று சிகிச்சையை நிறுத்தினார். கட்டி பெருத்த பின்னரே திரும்பிச் சென்றார். இத்தகையோரைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கண்டால், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.