சக்தி தருமா கார்னிடின்?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் பன்னிரண்டு மணி நேர வேலை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவ்வாறு உழைத்து வீடு திரும்பும் அண்ணனோ அக்காளோ, “உடம்பில் தெம்பே இல்லை” என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். இந்தத் தெம்பைத் தருவதாகச் சொல்லி, ‘எல்-கார்னிடின்’ என்று எழுதிய டப்பாக்கள் இப்பொழுது விற்கப்படுகின்றன. கொழுப்பை எரிக்கும், சக்தியைக் கூட்டும் என்பது விளம்பரம். ஒரு டப்பா வாங்க ஒரு நாள் கூலி போதாமலும் போகலாம். எனவே, பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதனைச் சற்று ஆராய்வோம்.

கார்னிடின் என்பது யாது?

1905-ஆம் ஆண்டில் குலெவிச், கிரிம்பர்க் என்ற ரஷ்ய அறிவியலார் இருவர் இறைச்சிச் சாற்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இலத்தீனில் ‘கார்னிஸ்’ என்றால் இறைச்சி. பெயர் அதிலிருந்து வந்தது. அப்படியானால் மரக்கறி உண்பவர்களுக்கு இது கிடைக்காதா? கவலை வேண்டாம். நம் கல்லீரலும் சிறுநீரகமும் லைசின், மெத்தியோனின் என்ற இரு அமினோ அமிலங்களிலிருந்து கார்னிடினைத் தாமே செய்துகொள்கின்றன. பருப்பில் லைசின் மிகுதி. அரிசியிலும் கம்பிலும் மெத்தியோனின் உண்டு. பருப்புஞ்சோறு உண்பவருக்கு இரண்டும் கிடைத்துவிடும்! இவ்வேலைக்கு இரும்புச் சத்தும் வைட்டமின் சி-யும் துணை வேண்டும்.

அதன் வேலை என்ன?

நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாக்களில்தான் கொழுப்பு எரிந்து ஆற்றல் தருகிறது. ஆனால் நீண்ட கொழுப்பு அமிலங்கள் அதன் உட்சவ்வைத் தாமாகக் கடக்க முடியாது. கார்னிடின் அவற்றைச் சுமந்து உள்ளே சேர்த்துவிட்டு, மீண்டும் சுமக்க வெளியே வருகிறது. கட்டிங் மேசையிலிருந்து வெட்டிய துணியை ஓவர்லாக் மெஷினுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாரே ஹெல்பர், அவரைப் போன்றது இது. அவர் துணியும் அல்லர்; மெஷினை ஓட்டும் மின்சாரமும் அல்லர்.

கம்பெனியில் ஆர்டர் கூடாமல் ஹெல்பர்களை மட்டும் கூட்டினால் பனியன்கள் கூடுமா? கூடா. உடலுக்கு ‘ஆர்டர்’ என்பது நாம் செய்யும் வேலையே. தசை எவ்வளவு ஆற்றல் கேட்கிறதோ, அவ்வளவே எரியும்.

ஒரு சிறு கணக்கு

50 கிலோ எடையுள்ள ஒருவர் 10 மீட்டர் உயரம் மாடிப்படி ஏறுகிறார். அவர் செய்யும் வேலை 50 × 9.8 × 10 = 4,900 ஜூல்; அதாவது சுமார் 1.2 கிலோகலோரி. தசையின் செயல்திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எனவே உடல் சுமார் 5 கிலோகலோரி செலவிட வேண்டும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருவதால், அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட கொழுப்பே இதற்குப் போதும். இந்தக் கணக்கில் கார்னிடினுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விழுங்கினால் என்ன ஆகும்?

வளர்ந்தவர் உடலில் ஏற்கெனவே சுமார் 20 கிராம் கார்னிடின் இருக்கிறது; பெரும்பகுதி தசைகளில்தான். மாத்திரையாகவோ பொடியாகவோ உட்கொள்ளும் கார்னிடினில் ஐந்தில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் உண்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு, உடலில் மீன் வாடை ஆகியவை தோன்றக்கூடும்.

பயனே இல்லையா? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்து, 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 24 வாரங்களில் தசைக் கார்னிடின் 21 சதவீதம் உயர்ந்தது; அவர்களால் சற்று அதிகமாக வேலை செய்யவும் முடிந்தது. ஆனால் அதற்காக அவர்கள் கார்னிடினுடன் நாள்தோறும் 160 கிராம் மாவுச்சத்தும் பருக வேண்டியிருந்தது. அது 640 கிலோகலோரி! மேற்சொன்ன மாடிப்படியை 128 முறை ஏறினால்தான் அது தீரும். கார்னிடினைச் செல்களுக்குள் சேர்க்க இயலாத பிறவிக் குறைபாடு, சிறுநீரக நோய் போன்றவற்றில் மருத்துவர்கள் இதனை மருந்தாகத் தருவது வேறு செய்தி.

அப்படியானால் தெம்புக்கு வழி?

களைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் குறைந்தால், கொழுப்பு எவ்வளவு உள்ளே போனாலும் எரிவது எப்படி? விறகு இருந்தும் காற்றில்லாத அடுப்புப் போலத்தான்!

ஆகவே, ஓயாமல் களைப்பு என்று சொல்லும் அக்காளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கீரை, பயறு, நெல்லிக்காய் ஆகியவற்றோடு போதிய உறக்கமும் வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால், அதைச் சன்னல் வழியே எறியாமல் சாப்பிட்டபின் விழுங்குங்கள். அதற்கு விளம்பரமும் இல்லை, விலையும் இல்லை.