எமெரி என்னும் பயிற்சியாளர்

காற்பந்தாட்டத்திற் புகழ்பெற்ற ஆட்டக்காரரே பிற்காலத்திற் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆவர் என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். குரைஃப், அன்செலோட்டி, குவார்டியோலா முதலியோரை நோக்குங்கால் அவ்வெண்ணம் பொருத்தமுடையதாகவே தோன்றும். ஆயினும், ஆட்டக்களத்தில் தாம் ஒளிபெறாது போயினும், அதன் ஓரத்தில் நின்று பிறரை ஆட்டுவிக்கும் கலையிலே தலைசிறந்து விளங்கியோரும் உளர். அன்னாருள் ஒருவர் ஸ்பெயின் தேசத்தவராகிய உனாய் எமெரி. அந்நாட்டின் முதற்பிரிவில் அவர் ஆடிய ஆட்டங்கள் ஐந்தே. அத்தகையவர் 2021ஆம் ஆண்டிற்குள், ஐரோப்பாக் கண்டத்தின் இரண்டாவது பெருங்கோப்பையாகிய யூரோப்பா லீக் கோப்பையை நான்கு முறை தம் அணிகளுக்கு ஈட்டித் தந்தார். அவருக்கு முன் எந்தப் பயிற்சியாளரும் அதனை நான்கு முறை பெற்றதில்லை. இஃது எங்ஙனம் கூடிற்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எமெரி 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பாஸ்க் நாட்டைச் சார்ந்த ஒந்தாரிபியா என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். பிதசோவா ஆறு கடலொடு கலக்குமிடத்தில், எதிர்க்கரையிலே பிரான்சு தேசம் தோன்ற அமைந்தது அவ்வூர். அதனை அடுத்துள்ள இரூன் நகரத்தின் ரியால் உனியோன் கழகம், 1929இல் ஸ்பெயின் லீக் ஆட்டம் தொடங்கியபோது அதிற் பங்குகொண்ட பத்துக் கழகங்களுள் ஒன்று. உனாயின் பாட்டனார் அந்தோனியோ எமெரி அக்கழகத்தின் கோல்கீப்பர். அவ்வாண்டு பிப்ரவரி 10ஆம் நாள் எஸ்பன்யோல் கழகத்தார் அடித்த கோலே ஸ்பெயின் லீக் வரலாற்றின் முதற்கோல்; அது புகுந்தது அப்பாட்டனார் காத்து நின்ற கம்பங்களுக்கிடையே. தடுத்தவற்றுக்காகவன்றித் தவறவிட்ட ஒன்றுக்காக வரலாற்றில் இடம்பெறுதல் கோல்கீப்பர்களுக்கே உரிய விதி போலும்! உனாயின் தந்தையாரும் கோல்கீப்பரே. மகனார் அவ்வழியை விட்டு இடப்புற நடுக்கள ஆட்டக்காரர் ஆயினார்.

ஸ்பெயின் நாட்டுக் காற்பந்தாட்டம் படிக்கட்டுப் போன்ற அமைப்பினையுடையது. ஆண்டு முடிவில் முதற்பிரிவின் கடைநிலையிலுள்ள கழகங்கள் இரண்டாம் பிரிவிற்கு இறங்கும். இரண்டாம் பிரிவின் மேனிலையிலுள்ளவை முதற்பிரிவிற்கு ஏறும். இங்ஙனமே அதன் கீழும். கீழ்ப்படியில் உள்ள ஆட்டக்காரருக்குப் பொருளும் குறைவு, பேரும் குறைவு. எமெரி ரியால் சோசியதாத் கழகத்தின் இளைஞர் பயிற்சியில் வளர்ந்தவர். முன் கூறிய ஐந்து ஆட்டங்களும் அதன்கண் ஆடியனவே. அவற்றில் ஒரு கோல் அடித்தார். அதன்பின் தொலேதோ, ஃபெரோல், லெகானேஸ் என்று ஊர்மாறி ஊர்மாறி இரண்டாம் பிரிவிலேயே 200க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். இறுதியாக மூன்றாம் படியில் இருந்த லோர்க்கா கழகத்தை வந்தடைந்தார். ஏறிய படி ஒன்று, இறங்கிய படிகள் பல.

லோர்க்கா, மூர்சியா மாகாணத்தைச் சார்ந்த ஓர் எளிய நகரம். அங்கே எமெரிக்கு முழங்காலிற் காயம் நேர்ந்தது. 2004ஆம் ஆண்டின் இறுதியில், அவர்க்கு வயது 33 ஆகியிருந்தபோது, கழகத்தார் பயிற்சியாளர் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தனர். நேற்று வரை உடை மாற்றும் அறையில் உடனிருந்து நகையாடிய தோழரை இன்று வேலைவாங்க வேண்டும். சிலரை ஆட்டத்திற்குச் சேர்க்காது அமர்த்தி வைக்கவும் வேண்டும். இதனினும் இடர்ப்பாடான நிலை வேறில்லை. அவ்வாண்டே லோர்க்கா இரண்டாம் பிரிவிற்கு ஏறிற்று. அடுத்த ஆண்டு ஐந்தாம் இடம் பெற்று, முதற்பிரிவின் வாயிலை எட்டிப் பார்த்து மீண்டது. ஒரே தாலந்தைப் பெற்ற ஊழியக்காரன் அதனைப் புதைத்து வைத்த உவமையை நாம் அறிவோம். எமெரி அந்த ஒன்றினை மண்ணிற் புதையாது வட்டிக்கு விட்டவர்.

2006இல் அல்மேரியா கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஓராண்டில் அதனை முதற்பிரிவிற்கு ஏற்றினார். அடுத்த ஆண்டு அங்கே எட்டாம் இடம். ரியால் மாட்ரிட் கழகமும் அல்மேரியாவிற்கு வந்து இரண்டு கோல் கணக்கில் தோற்றது. பின்னர் 2008 முதல் 2012 வரை வலென்சியா. அக்கழகமோ கடனில் மூழ்கியிருந்தது. கட்டத் தொடங்கிய புதிய ஆட்டரங்கின் வேலை இடையில் நின்றது. வில்லா, சில்வா, மாத்தா என்ற சிறந்த ஆட்டக்காரரை ஒருவர் பின் ஒருவராக விற்றுவிட்டனர். அந்நிலையிலும் எமெரி தொடர்ந்து மூன்றாண்டுகள் அணியை மூன்றாமிடத்தில் நிறுத்தினார். பட்டம் ஒன்றும் கிட்டாமையால் மக்கள் அவரை முணுமுணுத்தனர். இருப்பதெல்லாம் விற்ற வீட்டில் அடுப்பு அணையாமற் காத்தலும் ஒரு வெற்றியே என்பது என் கருத்து.

அவருடைய முறை யாதெனின், ஓயாத ஆராய்ச்சி எனலாம். எதிரணியின் ஆட்டங்களைப் படக்காட்சியாகப் பலகால் நோக்கி, எவன் எக்காலால் உதைப்பான், பந்தை இழந்த பின் எத்துணை விரைவில் திரும்புவான் என்பன போன்ற நுட்பங்களைக் குறித்துத் தம் ஆட்டக்காரருக்குக் காட்டுவார். வலென்சியாவில் அவரிடம் ஆடிய ஹொவாக்கீன், எமெரி காட்டிய படங்களின் மிகுதியால் தம்மிடமிருந்த சோளப்பொரியே தீர்ந்துபோயிற்று என்று வேடிக்கையாகக் கூறினார். வீட்டில் பார்த்து வருமாறு படங்களைச் சிறு பென்டிரைவிற் பதிந்தும் கொடுப்பதுண்டு. ஒருவர் பார்ப்பதில்லையென ஐயுற்று, ஒன்றும் பதியாத வெறுங்கருவியை அவரிடம் கொடுத்தாராம். மறுநாள் வினவியபோது, பார்த்தேன், நன்றாயிருந்தது என்று விடை வந்ததாம். பாடம் படியாது வகுப்பிற்கு வந்தார் எவரும் இக்கதையில் தம் முகத்தைக் காணலாம்.

2012இல் மாஸ்கோ நகரின் ஸ்பார்ட்டக் கழகத்தில் சில மாதங்களே இருந்தார்; அங்கே தோல்வி. 2013 ஜனவரியில் செவில்யா சென்றார். அங்கேதான் அவர் பெயர் கண்டமெங்கும் பரவியது. 2014இல் தூரினில் பென்பிகாவைப் பெனால்டி உதைகளாலும், 2015இல் வார்சாவில் நிப்ரோவை 3-2 என்றும், 2016இல் பாசலில் லிவர்பூலை 3-1 என்றும் வென்று, மும்முறை தொடர்ந்து யூரோப்பா லீக் கோப்பையைக் கொணர்ந்தார். இதில் வியப்பு யாதெனில், மூன்றாம் கோப்பையைப் பெற்ற அதே பருவத்தில், உள்நாட்டு லீக்கில் வெளியூர் ஆட்டம் ஒன்றினைக்கூடச் செவில்யா வெல்லவில்லை! லீக் என்பது ஆண்டு முழுதும் வாரந்தோறும் ஓடும் நெடும் பயணம். கோப்பையாட்டமோ இன்ன நாளில் இன்ன எதிரி என்று வரையறுத்த போர். ஓர் எதிரியை ஊன்றி ஆராய்வார்க்குப் பின்னதே ஏற்ற களம் என்று கொள்ளலாம்.

இவ்வாராய்ச்சி எங்கும் செல்லுபடியாகுமோ எனின், இல்லை. 2016இல் அவரை ஏற்ற பாரிஸ் கழகம் உலகின் விலையுயர்ந்த ஆட்டக்காரரை உடையது. 2017 பிப்ரவரியில் பார்சலோனாவை 4-0 என வீழ்த்திய அவ்வணி, மார்ச்சு 8ஆம் நாள் மறு ஆட்டத்தில் 6-1 எனத் தோற்றது. அவற்றுள் மூன்று கோல்கள் ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் விழுந்தன. அடுத்த ஆண்டு பிரான்சின் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தும், அந்த ஓரிரவின் கறை நீங்கவில்லை. 2018இல் லண்டன் ஆர்சனல் கழகம் சென்றார். அங்கே ஐந்தாமிடமும், 2019இல் பாகு நகரத்து இறுதியாட்டத்திற் செல்சியிடம் 4-1 என்ற தோல்வியும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். அதனினும் கொடியது, அவர் பேசிய ஆங்கிலத்தை அந்நாட்டார் எள்ளி நகையாடியமை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தப்பியிருக்கலாம். அவரோ வந்த நாள்தொட்டுத் தம் குறையுடைய ஆங்கிலத்திலேயே விடையளித்தார். பிறர் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுவானை நகைப்பவர், பெரும்பாலும் தம் மொழி ஒன்றே அறிந்தவர்.

2020இல் அவர் சேர்ந்த வில்யாரியால், ஏறக்குறைய 50,000 மக்களே வாழும் சிறுநகரத்தின் கழகம். அதுகாறும் பெருங்கோப்பை ஒன்றும் கண்டறியாதது. அரையிறுதியில் எதிர்ப்பட்டது ஆர்சனலே. அதனை வென்று, 2021 மே 26ஆம் நாள் போலந்தின் கதான்ஸ்க் நகரில் மான்செஸ்டர் யுனைடெட்டை இறுதியாட்டத்திற் சந்தித்தது. ஆட்டம் 1-1 எனச் சமனாயிற்று. பெனால்டி உதைகளிலோ களத்தாட்டக்காரர் அனைவரும் பிழையின்றி உதைத்துவிட, கோல்கீப்பர் இருவரே எஞ்சினர். வில்யாரியாலின் ருல்லி தாம் கோல் அடித்துப் பின், எதிரணி டெ கேயா உதைத்ததைத் தடுத்தார். கணக்கு 11-10. கோல்கீப்பர் மரபில் தோன்றிய குடும்பத்தின் மகனுக்கு அக்கோப்பையை ஒரு கோல்கீப்பரே பெற்றுத் தந்தார். மறு ஆண்டு ஐரோப்பாவின் முதற்பெருங் கோப்பையாட்டத்தில் யுவென்டஸ், பேயர்ன் மியூனிக் இரண்டையும் வெளியேற்றி, அச்சிற்றூர் அணி அரையிறுதி வரை சென்றது.

தம்மை நகையாடிய நாட்டிற்கு 2022இல் அவர் மீண்டும் சென்றார். கீழ்நிலையிற் கிடந்த ஆஸ்டன் வில்லா கழகத்தை முதலில் ஏழாமிடத்திற்கும், 2024இல் நான்காமிடத்திற்கும் உயர்த்தினார். அங்கே அவர் கையாண்ட உத்தி கூர்ந்து நோக்கத்தக்கது. பந்து உதைக்கப்படும் கணத்தில், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாம் ஆளையும் பந்தையும் கடந்து கோலின் அருகே நிற்பவன் ஆட்டத்திற் பங்குகொண்டால் ஆஃப்சைடு. எனவே வில்லாவின் பின்காவலர், தம் கோலை விட்டு வெகுதூரம் முன்னேறி, கயிறு பிடித்தாற்போல ஒரே வரிசையில் நிற்பர். பந்து உதைக்கப்படும் நொடியிலே எதிரியைத் தமக்குப் பின்னே விட்டுவிடுவர். ஒருவன் ஓரடி பிந்தினும் வரிசை முழுதும் பாழ். ஆதலால் இது நாள்தோறும் பழகினாலன்றி வாராது. 1982இல் பேயர்ன் மியூனிக்கை 1-0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற வில்லா, 2024 அக்டோபரில் தன் சொந்தக் களத்தில் அதே அணியை அதே கணக்கில் மீண்டும் வென்றது. 2025 ஏப்ரலிற் காலிறுதியில் அவ்வணியை வெளியேற்றியது பாரிஸ் கழகம். எமெரியின் பழைய வீடு.

இவற்றுக்கிடையே, 2021ஆம் ஆண்டில் எமெரி குடும்பத்தார் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கழகத்தை விலைக்கு வாங்கினர். உனாயின் உடன்பிறந்தார் இகோர் அதன் தலைவரானார். இரூன் நகரத்து ரியால் உனியோன் அது; பாட்டனார் அந்தோனியோ முதற்கோலை விட்ட கழகம்.