மருந்துண்ணும் காலத்தில் தோல் சிவத்தல்

மருந்து உண்ணத் தொடங்கினால் நோய் குறைய வேண்டும் என்பதே மக்களின் இயல்பான எதிர்பார்ப்பு. தோல் நோய்கள் சிலவற்றில் முதலில் இதற்கு நேர்மாறான தோற்றமே உண்டாகிறது. கடுமையான முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் உட்கொள்வோரில் சிலருக்கு முதல் மாதத்தில் பருக்கள் முன்னிலும் மிகுந்து, அதன் பின்னரே தணிகின்றன. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதனைத் தம் மாணவர்களிடம் கண்டிருக்கக்கூடும். பருவினால் விளைவன பெரும்பாலும் மன வருத்தமும் சில தழும்புகளுமே. இதையொத்த நிகழ்ச்சி தொழுநோயில் உண்டாகும்போதோ, சில வாரங்களுக்குள் ஒருவருடைய விரல்கள் மடங்கிப் போகலாம், கண்ணும் பழுதாகலாம். இதற்குத் தொழுநோய் எதிர்வினை என்று பெயர்.

பம்பாய் நகரம் இந்நோயை நெடுங்காலமாக அறிந்துள்ளது. வீடற்ற தொழுநோயாளருக்கென 1890இல் மாதுங்காவில் ஒரு விடுதி நிறுவப்பட்டது. அந்நாளில் நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த் என்பவரின் பெயர் தாங்கி, அது இன்றும் வடாலாவில் மருத்துவமனையாக இயங்கி வருகிறது. அங்கிருந்து அதிகத் தூரமில்லை தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்ற தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. 1976இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், நோயாளியை விடுதியில் அடைக்காமல், தாராவியின் சந்துகளுக்கே சென்று நோயைக் கண்டறிந்து மருந்தளிக்கும் முறையைக் கையாண்டது. நோயாளி தம் வீட்டிலேயே இருந்து, தம் தொழிலைச் செய்துகொண்டே மருந்துண்கிறார். மிக நல்ல ஏற்பாடு இது. ஆயினும் தோல் சிவக்கும் அன்று அவர் அருகில் மருத்துவர் இருப்பதில்லை. அண்டை வீட்டாரே இருக்கின்றனர்.

1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் ரிபாம்பிசின், குளோபாஜிமின், டாப்ஸோன் ஆகிய மூன்றும் அடங்கும். நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ இவற்றை உண்ண வேண்டும். ரிபாம்பிசின் மிக வலியது. முதல் வேளை மருந்திலேயே உயிருள்ள கிருமிகளில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. ஆனால் இறந்த கிருமிகள் உடனே மறைந்துவிடுவதில்லை. தோலிலும் நரம்புகளிலும் அவை நெடுநாள் தங்கியிருக்கின்றன. உடலின் தற்காப்புச் சக்தி அவற்றை எதிர்த்துக் கிளம்பும்போது, அவை தங்கியிருக்கும் நரம்பும் சேர்ந்து வீங்குகிறது. வீட்டிலுள்ள பாம்பை அடிக்கப் போய்ப் பானையை உடைத்த கதைதான் இது.

எதிர்வினை இருவகைப்படும். முதல் வகையில், உடலில் முன்பே இருந்த படைகள் சிவந்து வீங்குகின்றன. நரம்புகளில் வலி காண்கிறது. சிகிச்சையின் முதல் ஆண்டிலேயே இது மிகுதியாகத் தோன்றும். பெண்களுக்குப் பிரசவத்தின் பின்னும் வரக்கூடும். இரண்டாம் வகை, உடலில் கிருமிகள் மிகுதியாக உள்ளவர்க்கே வருவது. காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றி, தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் புதிதாக எழுகின்றன. கண்ணும் விரையும் அழற்சியுறலாம். இது தணிந்து மீண்டும் மீண்டும் எழும் இயல்புடையது.

இந்நிலையில் நோயாளி என்ன நினைப்பார்? மாத்திரையால்தான் இது வந்தது என்று எண்ணி அதனை நிறுத்திவிடுவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவர்களே ஒரு காலத்தில் அவ்வாறுதான் செய்தனர். செங்கற்பட்டில் டாக்டர் காக்ரேன் 1940களில் டாப்ஸோனை ஊசி மூலம் செலுத்திப் பார்த்த நாள் முதற்கொண்டு, அம்மருந்து உலகெங்கும் பரவியது. எதிர்வினைக்கு அஞ்சி அளவைக் குறைப்பதும், சில வாரங்கள் நிறுத்துவதும் அக்காலத்து வழக்கம். குறைந்த அளவில் விட்டுவிட்டு மருந்து தந்ததால், டாப்ஸோனுக்கு அடங்காத கிருமிகள் பெருக வழி ஏற்பட்டது. 1964இல் மலேயாவின் சுங்கை பூலோ குடியிருப்பில் அத்தகைய கிருமிகள் இருப்பது சோதனை மூலம் மெய்ப்பிக்கப்பட்டது. தனி மருந்தை விடுத்துக் கூட்டு மருந்துக்கு மாற நேர்ந்தது இதனாலேதான்.

ஆகவே இன்றைய விதி தெளிவானது: எதிர்வினை வந்தால் கூட்டு மருந்தை நிறுத்தலாகாது, எதிர்வினைக்குத் தனியே மருந்தளிக்க வேண்டும். நரம்பு தாக்கப்பட்டிருப்பின் மருத்துவர் பிரெட்னிஸோலோன் தருவார். பொதுவாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். ஆறு மாதங்களுக்குட்பட்ட நரம்புச் சேதம் பெரும்பாலும் திருந்தக்கூடியது. காலங்கடந்தபின் திருந்துவது அரிது. இம்மருந்தை நோயாளி தாமே கடையில் வாங்கி உண்பது ஆபத்து. நீரிழிவு இருந்தால் அது மிகும். மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கும். திடீரென நிறுத்தினாலும் தீங்குண்டு. ஜெருசலேமில் டாக்டர் ஷெஸ்கின் 1965இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின், தாலிடோமைட் இரண்டாம் வகைக்குப் பயன்பட்டு வருகிறது. கருவிலுள்ள குழந்தையின் உறுப்புகளைச் சிதைக்கும் மருந்தாகையால் கருவுறக்கூடிய பெண்களுக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. முன்கூறிய முகப்பரு மருந்துக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

மேற்கூறிய விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதனை ஊழியர் ஒருபோதும் மறத்தலாகாது. டாப்ஸோன் தொடங்கிய நான்கு முதல் ஆறு வாரங்களில், மிகச் சிலருக்கு அம்மருந்தே ஒவ்வாமல் போகிறது. காய்ச்சல், உடல் முழுதும் அரிப்புடன் தடிப்பு, தோலுரிதல், கழுத்தில் நெறிகட்டுதல், மஞ்சட்காமாலை ஆகியவை அதன் அடையாளங்கள். எதிர்வினையில் சிவப்பது படையும் முடிச்சுமே. ஒவ்வாமையில் தோல் எங்கும் சிவக்கிறது. ஐயம் எழுந்தால் டாப்ஸோனை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தாமதம் உயிருக்கே உலை வைக்கும்.

கள ஊழியர் செய்யக்கூடிய சோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியைக் கண்களை இறுக மூடச் சொல்லுங்கள்; இமைகளுக்கிடையே இடைவெளி தெரிகிறதா? சுண்டு விரலை விலக்கி வைக்கச் சொல்லி, அதனை மெல்லத் தள்ளிப் பாருங்கள். பாதத்தை மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். பின்னர் அவரைக் கண்மூடச் செய்து, பந்துமுனைப் பேனாவால் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தொட்டு, தொட்ட இடத்தை அவர் சுட்டுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். முழங்கையின் உட்புறத்து நரம்பைத் தொட்டால் வலிக்கிறதா என்பதையும் கேளுங்கள். சென்ற மாதக் குறிப்போடு ஒப்பிடும்போதுதான் இவற்றின் பயன் விளங்கும். நரம்பு சில வேளைகளில் வலியே இன்றிச் செயலிழப்பதுண்டு. வலியில்லை என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பிவிடலாகாது.

ஆசிரியரின் பணி வேறு விதமானது. வகுப்பில் ஒரு சிறுவன் பேனாவைப் பிடிக்கத் தடுமாறினால், அவன் கையெழுத்தைக் கண்டிக்குமுன் கையைப் பாருங்கள். சிறுவனோ அவன் தாயோ சில மாதங்களில் மேனி கறுத்துக் காணப்பட்டால், அது குளோபாஜிமினால் வந்த நிறமாக இருக்கலாம். தோல் செம்பழுப்பாகி, வறண்டு செதிலாகும். இது எதிர்வினையும் அன்று, ஒவ்வாமையும் அன்று. தேங்காயெண்ணெய் பூசினால் வறட்சி தணியும். மருந்து முடிந்தபின் நிறமும் மெல்ல மங்கும். இருந்தும் இந்நிறம் அயலாரிடம் இரகசியத்தை வெளிப்படுத்திவிடுமே என்று அஞ்சி மாத்திரையைத் துறப்பவர் பலர். தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரும் உரிமை 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால்தான் நீக்கப்பட்டது என்பதை நினைத்தால், அவ்வச்சம் வீண் என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆகையால் நிறம் மாறும் என்பதைச் சிகிச்சையின் முதல் நாளிலேயே, தனிமையில் சொல்லிவிட வேண்டும்.

தாராவித் தமிழர் கோடை விடுமுறைக்கும் கோயில் திருவிழாவுக்கும் சொந்த ஊர் செல்வதுண்டு. அப்போது எஞ்சிய மாதங்களுக்குரிய மருந்தட்டைகளை அவரிடமே கொடுத்தனுப்பலாம். அத்துடன் எதிர்வினையின் அறிகுறிகளைத் தமிழில் எழுதிய சீட்டு ஒன்றையும், ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரையும் கொடுப்பது அவசியம். மருந்து முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் எதிர்வினை தோன்றக்கூடும். ஆகவே அச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்ல வேண்டும்.