தெளிந்த நீரெல்லாம் தூய நீராமோ?

கண்ணாடித் தொட்டியில் முருகைக்கற்களையும் வண்ண மீன்களையும் வளர்ப்போர் பலர், நீரின் தெளிவையே அதன் தூய்மையென்று கருதுவர். மீனைக் கொல்லும் நஞ்சு பளிங்குபோன்ற நீரிலும் கலந்திருத்தல் கூடும். அந்நஞ்சு யாது, அதனை நீக்கும் வழி யாது என்பதை இங்கு நோக்குவோம்.

மீன் செவுள்வழி வெளிவிடும் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய இரை அழுகுவதாலும் அமோனியா உண்டாகின்றது. பரந்த கடலில் அது கலைந்துபோம். தொட்டியிலோ போக்கிடமின்றித் தேங்கும். ஆயினும் இயற்கை இதற்கு வழி வகுத்துள்ளது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இறுதியிற் கிடைக்கும் நைத்திரேற்று அமோனியாவைப்போற் கொடியதன்று. நுண்துளை மலிந்த கற்களும் மணலும் வடிகட்டியுமே இப்பற்றீரியாக்களின் உறைவிடம்.

புதுத்தொட்டியில் இவை பெருகுவதற்கு 4 முதல் 6 கிழமைகள் வரை செல்லும். அதற்குமுன் மீன்களை நிரப்புவது அவற்றை நஞ்சில் இடுவதற்கொப்பாகும். வடிகட்டியைக் குழாய்நீரிற் கழுவுதலும் தகாது. குழாய்நீரிலுள்ள குளோரீன் பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும்.

பெருமாட்டியின் முயற்சி

1846 ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, கடற்கரையிற் கண்ட முருகையுயிர்களை இலண்டனிலுள்ள தம் இல்லத்துக்குக் கொண்டுசென்றார். கடலோ தொலைவில் இருந்தது. எனவே பணிப்பெண்ணைக் கொண்டு, திறந்த சாளரத்தருகே கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றுவித்தார். காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டிற் கடற்றாவரங்களையும் சேர்த்தார். அப்பணிப்பெண்ணின் வேலையை இன்று மின்பம்பி செய்கின்றது.

நுரையகற்றி என்னும் கருவியும் இப்பொழுது உண்டு. சர்க்கரைப்பாகு காய்ச்சும்போது மேலெழும் அழுக்கு நுரையை அகப்பையால் அள்ளுகின்றோமல்லவா? அதுபோன்றே இக்கருவியிலும் நுண்குமிழிகள் புரதக் கழிவுகளைப் பற்றி மேலே கொணர்கின்றன. அவை அழுகுமுன்னரே கிண்ணத்திற் சேர்ந்துவிடும்.

கிழமைதோறும் செய்யவேண்டியவை

கடல்நீரில் ஆயிரம் கிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புளது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்புத் தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவை உப்புநீரால் அன்றி, குளோரீன் நீக்கிய நன்னீராலேயே நிரப்புக. எஞ்சும் நைத்திரேற்றைக் குறைப்பதற்குக் கிழமைக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிப் புதிய உப்புநீரை இடுதல் நன்று. சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இரையிடுக. மிகுந்த இரை பொசுபேற்றைப் பெருக்கும். அதனாற் செழிக்கும் பாசி முருகைகளை மூடிவிடும்.

நம் நாட்டுக் கடலில் முருகைக்கற்களை உடைத்தெடுப்பது சட்டவிரோதமாகும். 1998 இல் கடல் வெப்பமுற்றபோது ஹிக்கடுவைப் பகுதியின் முருகைகள் வெளிறிப் பெரிதும் அழிந்தன. எஞ்சியவற்றை நம் கூடத்து அழகுக்காகப் பெயர்த்தல் முறையன்று. வளர்ப்பகங்களிற் பெருக்கியவற்றையே நாடுதல் வேண்டும்.

கடலில் ஓருயிருக்கு நீர் கெடின் அது வேறிடம் செல்லலாம். தொட்டியில் வாழ்வதற்கு அவ்வழி இல்லை. கிழமையில் ஒரு மணிநேரத்தை அதற்கென ஒதுக்க இயலாதோர், தொட்டியை வாங்காதிருத்தலே அறமாகும்.