பல்லின் மேல் ஒரு படலம்

காலையில் எழுந்ததும் நாவினால் பற்களைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான படலம் ஒன்று தட்டுப்படும். அது வெறும் உணவெச்சமன்று; நுண்ணுயிர்கள் கட்டிய குடியிருப்பாகும்!

1924-ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் அறிஞர் சொத்தைப் பல்லில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். இது தன் உடலுக்கு வெளியே சில நொதிகளைச் சுரக்கின்றது. அந்நொதிகள் கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கும்; பின்னர்க் குளுக்கோஸ் மூலக்கூறுகளை மட்டும் மாலைபோற் கோத்து, நீரிற் கரையாத பசையாக்கும். பாக்டீரியாக்கள் அப்பசையில் ஒட்டிக்கொண்டு பெருகும். அவை வெளிவிடும் அமிலம் உமிழ்நீரால் எளிதிற் கழுவப்படாமல் படலத்தினடியில் தங்கிப் பல்லை அரிக்கும். ஆதலின், கொப்பளித்தால் மட்டும் போதாது. தேய்த்தே இப்படலத்தை அகற்றுதல் வேண்டும்.

தனிக் குளுக்கோஸைக் கொடுத்தால் என்னாகும்? அமிலம் உண்டாகுமேயன்றி, அந்நொதிகளால் பசையை உண்டாக்க இயலாது. சர்க்கரை மூலக்கூறு பிளவுறும்போது வெளிப்படும் ஆற்றலே அம்மாலையைக் கோக்க உதவுகின்றது.