விண்வெளி நிலையத்தில் காற்றை அளக்கும் கருவிகள்

வெப்பச்சலனப் பாடத்தின்போது மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. புகை உணரியை அறையில் எங்கே பொருத்துவீர்கள்? கூரையில் என்பார்கள், சூடான புகை மேலே எழும் என்று காரணமும் சொல்வார்கள். சரி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில்? அப்போதுதான் வகுப்பு சூடுபிடிக்கும்.

எடையின்மையில் சூடான காற்று மேலெழுவதில்லை. மின்விசிறி இழுக்கும் பக்கம்தான் புகை போகும். ஆகவே அங்கே காற்று திரும்பிச் செல்லும் பாதைகளில் உணரிகளை வைத்திருக்கிறார்கள். விசிறி நின்றுவிட்டால், தூங்குபவர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். ஒருவர் நாளொன்றுக்கு வெளிவிடுவது ஏறத்தாழ 1 கிலோகிராம். நம் திறந்தவெளிக் காற்றில் அது சுமார் 0.04 விழுக்காடு, நிலையத்தில் அதைப்போல் பத்து மடங்கு இருப்பது சாதாரணம். வீரர்களுக்குத் தலைவலி வருவதும் உண்டு.

1970 இல் அப்பல்லோ 13 பயணத்தில் இதே வாயு ஏறிக்கொண்டே போனதைக் கருவிதான் காட்டியது. பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டு நாடா கொண்டு வடிகட்டியைப் பொருத்திய கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம். அது வேலை செய்ததை உறுதிசெய்ததும் அந்தக் கருவியே என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

கருவியே பிழையாகக் காட்டினால்? வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பார்ப்பது போன்ற வேலை அங்கும் உண்டு. நிலையத்தின் நிறை நிறமாலைமானி பல பகுதிகளிலிருந்து குழாய் வழியே காற்றை இழுத்து, நைட்ரஜன், ஆக்சிஜன், மீத்தேன் உள்ளிட்ட ஆறு வாயுக்களை அளக்கிறது. கலவை விகிதம் முன்பே தெரிந்த வாயுவைச் செலுத்தி அதன் அளவீட்டைத் திருத்துகிறார்கள். காற்று மாதிரிகளைக் கலன்களில் அடைத்துப் பூமிக்கு அனுப்பி, ஆய்வகத்திலும் சோதிக்கிறார்கள். தீ விபத்து நேர்ந்தால் கையடக்கக் கருவியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு அளவுகளைப் பார்த்த பிறகே முகமூடியைக் கழற்றலாம்.

இன்னொரு தொல்லை தூசி. அங்கே அது தரையில் படியாது, மிதந்துகொண்டே இருக்கும். புகை உணரி ஒளிச்சிதறலைக் கொண்டு இயங்குவதால், உள்ளே புகுந்த தூசியைப் புகை என்று எண்ணி அலறும். அடிக்கடி பொய்யாக அலறினால் உண்மையான எச்சரிக்கையையும் யார் பொருட்படுத்துவார்? அதனால் விஞ்ஞானம் படித்த வீரர்கள் தூசி உறிஞ்சியும் கையுமாக உணரிகளைத் துப்புரவு செய்கிறார்கள். இதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வகுப்பில் செய்துகாட்ட ஓர் ஊதுவத்தி போதும். ஆசிரியரே ஏற்றுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு ஒருமுறை, ஓடவிட்டு மறுமுறை புகை போகும் வழியைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு உணரிக்கு இடம் எங்கே என்று மீண்டும் கேளுங்கள்.