கரும்புச் சாற்றின் நிறம்



செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே, திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் என்னும் ஊர் உள்ளது. மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த ஊர் அது. கருக்க விரையும் சாற்றிலிருந்து வெண்ணிறச் சர்க்கரை எடுப்பது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

கரும்பைப் பிழிந்து ஒரு குவளையில் வையுங்கள். சற்று நேரத்தில் சாறு பழுப்பேறும். காரணம் யாது? கரும்பின் உயிரணுக்களில் பாலிபினால்கள் என்னும் பொருள்கள் உள்ளன. அவற்றைப் பிராணவாயுவோடு சேர்க்கவல்ல என்ஸைமும் அங்கேயே உண்டு. உயிரணு சிதையாதவரை இவ்விரண்டும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. உருளை நசுக்கியதும் தடுப்பு உடைகிறது; காற்றும் கலக்கிறது. பாலிபினால் குவினோனாக மாறுகிறது. குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து கருநிறப் பொருள்களாகின்றன. உருளையிலிருந்து கரையும் இரும்பும் தன் பங்குக்குக் கருமை சேர்க்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை செய்வதும் இத்தகைய வினையே.

பாலிபினாலின் தொல்லை கரும்போடு முடிவதன்று. பீர் என்னும் பானத்தில், பார்லியின் உமியிலிருந்தும் ஹாப் மலரிலிருந்தும் வரும் பாலிபினால்கள் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. குளிர்ந்ததும் பானம் கலங்குகிறது. முதலில் வெப்பம் பட்டால் தெளியும். நாளடைவில் கலங்கல் நிலைத்துவிடும்.

வெள்ளைச் சர்க்கரை செய்யும் ஆலைகளில் சாற்றை ஏறத்தாழ 70 டிகிரி ஸென்டிகிரேடு வரை சூடேற்றி, சுண்ணாம்புப் பாலும் கந்தக டை ஆக்ஸைடும் சேர்க்கின்றனர். பின்னர்க் கொதிநிலையை எட்டச் செய்கின்றனர். வெப்பம் என்ஸைமைச் செயலிழக்கச் செய்கிறது. கந்தகப் புகை நிறத்தை வெளுக்கிறது. இரண்டும் கூடி உண்டாகும் கால்சியம் ஸல்பைட்டு, அழுக்கைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. இதில் அளவே உயிர்நாடி. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பினால் சர்க்கரை சிதைந்து நட்டமாகும். மிகுந்தால் பாலிபினால்கள் மஞ்சளிக்கும். ஆகவே புளிப்பும் காரமும் அற்ற நடுநிலையைக் காக்கின்றனர்.

இவ்வளவு செய்தும் நிறப்பொருள்கள் முற்றும் நீங்குவதில்லை. கந்தகத்தால் வெளுத்த சர்க்கரை கிடங்கில் மெல்ல மஞ்சளிப்பது அதனால்தான். பாலிபினால்கள் கரும்பின் கொழுந்திலும் தோகையிலும் மிகுதி. எனவே, கொழுந்தைக் கழித்து, தோகை நீக்கி, வெட்டிய கரும்பைத் தாமதமின்றி அரவைக்குச் சேர்ப்பது இன்றியமையாதது. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் இனிப்பும் ஒருங்கே குறையும். உழவரின் ஓராண்டு உழைப்பு வீணாகும். தூய கரும்பைத் தருவது உழவர் கடமை எனில், வந்த கரும்பைக் காக்கவைக்காமல் அரைப்பது ஆலையின் கடமை. வெண்மையின் முதற்படி இரசாயனக் கூடத்திலன்று, கரும்பு வயலிலேயே தொடங்குகிறது.